குடும்பக் கடனும் செட்டும்

திருவள்ளூருக்கு அடுத்த திரூர் என்னும் சிற்றூரின் பெயர் நம் நாட்டுச் சரித்திர நூல்களில் பெரிதாகக் காணப்படுவதில்லை. அது போர் நடந்த களமன்று. மன்னர் முடி சூடிய நகருமன்று. ஆயினும், 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ஆம் தேதி அவ்வூரில் பதிவு செய்யப்பெற்ற ஐக்கிய நாணய சங்கமே கிராமக் குடியானவர்களுக்கென ஏற்பட்ட முதற் சங்கமென்று கூட்டுறவுத் துறையினர் பெருமையுடன் குறித்து வருகின்றனர். அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவ்வூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. கடன் என்னும் நோய்க்கு மருந்து முதன்முதலாக நமது அயலிலேயே தேடப்பட்டது என்பதை இம்மாவட்டத்து அன்பர்கள் மறத்தலாகாது.

அம்மருந்து இன்னும் எத்தனை வீடுகளுக்குத் தேவையாயிருக்கிறது என்பதை அறிய விரும்புவோர், திரூரிலிருந்து வடகிழக்கே சென்று மீஞ்சூரையும் வள்ளூரையும் கும்மிடிப்பூண்டியையும் சுற்றி வரட்டும். வள்ளூரில் ஒவ்வொன்றும் 500 மெகாவாட்டு ஆற்றலுள்ள மூன்று இயந்திரங்கள் மின்சாரம் பிறப்பிக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. முன்னர் ஏரும் வலையும் பிடித்த கைகளிற் பல இன்று ஒப்பந்தக்காரரிடம் கூலி வேலை செய்கின்றன. மாதம் பிறந்ததும் கையிற் பணம் வருகிறது; பத்தாந் தேதிக்குள் அது வேறு கைகளுக்குப் போய்விடுகிறது. எஞ்சிய இருபது நாட்களை ஓட்டக் கைமாற்றும், தண்டலும், நகை அடகுமே துணை. வேலையுள்ள குடும்பமே கடனில் மூழ்குமாயின், ஒப்பந்தம் முடிந்து வேலையற்று நிற்கும் குடும்பத்தின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

இதைக் கண்ட சில பெரியோர், "ஏழைக்குச் செட்டுத் தெரியாது; அதனாலேயே அவன் கடனாளியானான்" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நாம் இத்தீர்ப்பை ஒப்புக்கொள்வதற்கில்லை. மழை பொய்த்தல், நோய், விபத்து, மூன்று மாதம் வேலையின்மை ஆகிய இவையே பெரும்பான்மையான வீடுகளில் முதற் கடனுக்குக் காரணமாகின்றன. ஊதாரித்தனத்தால் கெட்டவரும் உளர். எனினும் அவரை மட்டும் காட்டி மற்றவரையும் இழித்துரைப்பது நீதியாகாது. ஆனால், கடன் எக்காரணத்தால் வந்ததாயினும், அது போகும் வழி ஒன்றே. வரவுக்குள் செலவை அடக்கி, மிஞ்சியதைக் கொண்டு அசலைக் குறைத்தாலன்றிக் கடன் தீராது. இவ்வுண்மையை மறைத்து ஏழைக்கு இரக்கம் காட்டுவதும் அவனுக்குச் செய்யும் உதவியாகாது.

முதலாவதாக, வட்டியின் இயல்பை நாம் அறிதல் வேண்டும். "ஐந்து வட்டி" என்று சொல்லும்போது அது சிறு தொகையாகத் தோன்றுகிறது. மாதம் நூற்றுக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு அறுபது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தண்டலோ இன்னும் கொடியது. ரூ. 10,000 என்று எழுதி வாங்கிக்கொண்டு ரூ. 8,500 மட்டும் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு ரூ. 100 வீதம் நூறு நாள் வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். கடன்பட்டவர் தாம் பெற்ற ரூ. 8,500-ஐ நூறு நாளும் முழுமையாக அனுபவிக்கவில்லை. நாள்தோறும் திருப்பிக் கொடுப்பதால் சராசரியாக அதில் பாதியே அவரிடம் இருக்கிறது. அப்பாதிக்கு நூறு நாளில் ரூ. 1,500 வட்டி. கணக்கிட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபதுக்கும் மேற்படுகிறது. எந்த வயலும் எந்த ஆலைக் கூலியும் இவ்வேகத்தில் வளர்வதில்லை.

ஆகையால், செட்டாயிருந்து மிச்சம் பிடிப்பது மட்டும் போதாது. மிச்சத்தை எக்கடனுக்கு முதலில் கொடுப்பது என்பதே தலையாய வினா. ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். ஒரு குடும்பத்துக்கு மூன்று கடன்கள் இருப்பதாகக் கொள்வோம்: ஐந்து வட்டிக்கு வாங்கியது ரூ. 20,000, ஒரு ரூபாய் வட்டிக்கு நகையின் மேல் வாங்கியது ரூ. 60,000, உறவினரிடம் வட்டியின்றி வாங்கிய கைமாற்று ரூ. 20,000. ஆக மொத்தம் ஒரு லட்சம். இப்போது மாதந்தோறும் வட்டிக்கென்றே ரூ. 1,600 போய்க்கொண்டிருக்கிறது. வீட்டார் அனைவரும் கூடி மேலும் ரூ. 3,000 மிச்சம் பிடிக்கத் தீர்மானிக்கின்றனர்.

உறவினர் முகத்துக்கு அஞ்சி அவருக்கே முதலில் கொடுப்பார்களாயின், அக்கைமாற்றுத் தீர ஏழு மாதம் ஆகும். அந்த ஏழு மாதத்தில் ஐந்து வட்டிக்காரருக்கு ரூ. 7,000 போய்ச் சேர்ந்தும், அவருடைய அசல் ரூ. 20,000 அசையாமல் அப்படியே நிற்கும். மாறாக, அம்மிச்சத்தை ஐந்து வட்டிக் கடனுக்கே முதலில் செலுத்தினால், ஆறாம் மாதத்திலேயே அது அசலும் வட்டியுமாக ஒழிந்துவிடும். அதுவரை கொடுத்த வட்டி ஏறக்குறைய ரூ. 3,600 மட்டுமே. பின்னர் அதற்குச் செலவான தொகை முழுவதையும் நகைக் கடனில் சேர்த்துக் கட்டினால் இன்னும் பதினான்கு மாதத்தில் நகை வீடு வந்து சேரும். அதன்பின் ஐந்து மாதத்தில் உறவினர் கடனும் தீரும். ஆக இரண்டு ஆண்டும் ஒரு மாதமும். மலைபோல் தோன்றிய ஒரு லட்சம் இவ்வாறு படிப்படியாகக் கரைந்துவிடுகிறது. உறவினரிடம் நேரிற் சென்று, "இன்ன மாதம் முதல் உமக்குக் கொடுக்கத் தொடங்குவோம்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை. அவரைக் கண்டால் தெரு மாறி நடப்பதே மானக்கேடு.

இனி, அந்த ரூ. 3,000 எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். இங்குதான் நாம் ஓர் எச்சரிக்கை செய்ய விரும்புகிறோம். நம் குடும்பங்களில் செட்டு என்றால் பெரும்பாலும் பெண்களின் இலையிலும் குழந்தைகளின் பாலிலுமே முதலில் கை வைக்கிறோம். வீட்டுத் தலைவர் தமது புகையிலையையும் மதுவையும் தேநீர்க்கடைக் கணக்கையும் தொடாமல், மனைவியை நோக்கி, "செலவைக் குறை" என்கிறார். இது செட்டன்று, அநியாயம். சத்தில்லாத உணவால் நோய் வரும். நோயால் வைத்தியச் செலவு வரும். அச்செலவால் மீண்டும் கடன் வரும். உணவு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகிய மூன்றையும் கடைசி வரையில் தொடலாகாது. குறைப்பு ஆண்மக்களின் சட்டைப் பையிலிருந்தே தொடங்கவேண்டும். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குத் தொடங்கியதும் குடிகாரர் வீட்டு அடுப்பை மனத்திற்கொண்டேயாகும். இன்று கடைகள் திறந்திருக்கின்றன. ஆயினும் அவற்றுக்குள் நுழையாதிருக்க எச்சட்டமும் வேண்டுவதில்லை.

அடுத்தபடியாகக் கணக்கு. காந்தியடிகள் லண்டனில் மாணவராக இருந்த நாளில், வண்டிக் கட்டணமும் தபால் செலவும் உட்பட ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, இரவு படுக்கு முன் இருப்பைச் சரிபார்த்து வந்தார். பிறகு இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார். வண்டியை விட்டு நடந்தார். காலை உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். இதனால் வாழ்வு வறண்டுவிடவில்லை, தமது உள்ளும் புறமும் ஒன்றுபட்டன என்றே அவர் கருதினார். பிற்காலத்தில் பொதுப் பணம் பெருந்தொகையாக அவர் கையில் வந்தபோதும் அப்பழக்கமே துணை செய்தது.

நமது வீடுகளில் கணக்கெழுதத் தொடங்கினால் வியக்கத்தக்க செய்திகள் வெளிப்படும். மின்சாரம் பிறக்கும் வள்ளூரிலேயே மின்கட்டணத்தின் முறையை அறியாதவர் பலர் உளர். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டு இலவசம் என்பதை யாவரும் அறிவர். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றிக் கீழுள்ள சில யூனிட்டுகளுக்கும் உயர்ந்த வீதமே விதிக்கப்படுகிறது என்பதைச் சிலரே அறிவர். ரேஷன் கடையில் அரிசி அட்டைதாரருக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அதை வாங்காமல் விட்டோ, வாங்கி விற்றோ, கடையில் கடனுக்கு அரிசி வாங்கும் குடும்பங்களும் இருக்கின்றன. காதணி விழாவும், மஞ்சள் நீராட்டும், தெருவை மறைக்கும் விளம்பரத் தட்டிகளும் ஒரே நாளில் ஓராண்டு மிச்சத்தை விழுங்குகின்றன. மொய் வருமென்று நம்பிச் செய்யும் செலவுக்கு, அம்மொய்யே திரும்பிச் செலுத்தவேண்டிய மற்றொரு கடன் என்பதை மறந்துவிடுகிறோம்.

தனிக் குடும்பத்தின் முயற்சி இவ்வளவு. ஆனால், தனித்து நின்று செட்டுச் செய்பவன் ஒரு காய்ச்சலில் மீண்டும் தண்டல்காரரிடம் சென்று நிற்பான். இதனை உணர்ந்தே அறிஞர்கள் சங்கத்தைக் கண்டனர். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டு 28 தொழிலாளர்கள், சிறிது சிறிதாகச் சேமித்து ஆளுக்கு ஒரு பவுன் போட்டு, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவர்த்தியும் விற்கும் ஒரு கடை திறந்தனர். ரொக்கத்துக்கன்றிக் கடனுக்கு விற்பதில்லை என்பது அவர்களது விதி. ஜெர்மனியில் ரைபைசன் என்பார் குடியானவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்று கடன் பெறும் சங்கங்களை நிறுவினார். சென்னை மாகாணத்தில் சர் பிரடெரிக் நிக்கல்சன் இவற்றை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் வெளியிட்ட அறிக்கையில், ரைபைசனைப் போன்ற ஒருவரையே இந்நாட்டுக் கிராமங்களும் வேண்டி நிற்கின்றன என்னும் கருத்தை வற்புறுத்தினார். அதன் பயனாக 1904-இல் சட்டம் வந்தது. அதே ஆண்டிலேயே திரூர்ச் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணிப் பண்டகசாலையும் தோன்றின. ஒன்று வட்டியைக் குறைத்தது. மற்றொன்று விலையைக் குறைத்தது. குடும்பச் செலவுக்கு இவ்விரண்டும் இரு கைகள் போன்றவை.

அரசாங்கமும் தன் கடமையைச் செய்தல் வேண்டும். 1938-இல் ராஜாஜியின் மந்திரிசபை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலுக்கு இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியவரைக் கடனிலிருந்து முற்றும் விடுவித்தது. புதுக் கடனுக்கு ஆண்டு வட்டி நூற்றுக்கு 6¼ என்று வரம்பும் கட்டியது. 2003-இல் கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நுண்கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் பாங்கு 2022-இல் விதித்த விதிகளின்படி, குடும்பத்தின் மாதத் தவணைகள் யாவும் சேர்ந்து வருமானத்தில் பாதிக்கு மேற்படலாகாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன்பட்டவரை அழைத்துத் தொல்லை செய்யலாகாது. இவ்விதிகளை அறிந்த குடும்பம் வாசலில் நின்று கூச்சலிடுவோருக்கு நடுங்கவேண்டுவதில்லை.

இங்கே மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. 2021-ஆம் ஆண்டு அரசாங்கம் கூட்டுறவுச் சங்கங்களின் பயிர்க்கடனில் ரூ. 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தது. அப்போது சங்கத்தில் கடன் வைத்திருந்தவர் பயன் பெற்றார். அதே பயிருக்கு லேவாதேவிக்காரரிடம் வாங்கியவர் ஒரு காசும் பெறவில்லை. தள்ளுபடியை எதிர்பார்த்துக் கடன் வாங்குவது மூடத்தனம். ஆயினும், சங்கத்தின் வழியே கடன் பெற்றவனுக்கே சட்டத்தின் நிழலும் கிடைக்கிறது என்பது இதனால் விளங்கும். கொடிய வட்டிக் கடனைச் சங்கக் கடனாக மாற்றிக்கொள்வதே செட்டின் முதற் படி எனலாம். அவ்வாறு மாற்றிய பின் மீண்டும் பழைய வாசலை மிதிப்பதில்லை என்னும் உறுதியும் உடன் வேண்டும். இல்லையேல் ஒரு கடன் இரு கடனாகும்.

நமது ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையேறித் தொழிலாளரின் துயரத்தைப் பேசுகிறோம். கூலி உயர்வுக்காக ஊர்வலம் போகிறோம். அவை யாவும் வேண்டியனவே. ஆனால், உயர்ந்த கூலி மறுநாளே வட்டிக்குப் போகுமாயின், நாம் யாருக்காகப் போராடினோம்? கடன்பட்ட தொழிலாளி வேலைநிறுத்தத்தில் மூன்றாம் நாள் தளர்கிறான். தேர்தலில் ஓர் இரவில் தன் வாக்கை விற்கிறான். அவனைக் கோழையென்றும் துரோகியென்றும் ஏசுவதற்கு முன், அவன் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை நேரம் அமர்ந்து, அவனுடைய கடன்களையெல்லாம் ஒரு தாளில் எழுத உதவுவோம். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, அசலில் எத்தனை தீர்ந்தது என்னும் நான்கு கேள்விகள் போதும். அதை எழுதும்போது வீட்டுப் பெண்மணியும் உடனிருக்கவேண்டும். பல வீடுகளில் முழுக் கணக்கும் அவர் ஒருவர் நினைவிலேதான் இருக்கிறது.

வள்ளூரிலும் மீஞ்சூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தெருவுக்குப் பத்து வீடுகள் இவ்வாறு கணக்கெழுதத் தொடங்கி, அப்பத்து வீடுகளும் ஒரு சங்கத்தின் வாசலுக்கு ஒன்றாகச் செல்லுமாயின், அதுவே பெரியதொரு தொண்டாகும். திரூர்க் குடியானவர்கள் 1904-இல் செய்தது அவ்வளவே.