தேத்தண்ணிதானே என்று விட்டுவிடலாமா?

எமது வீட்டுக்கு யார் வந்தாலும், கதிரையில் இருக்கச் சொன்ன கையோடு நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" ஊரில் இருந்தபோது அதற்கு இரண்டு விடைகள்தான் இருந்தன. ஒன்று பால் தேத்தண்ணி, மற்றது பிளேன் ரீ. ரொறன்ரோவுக்கு வந்தபின் நிலைமை மாறிவிட்டது. வனிலா, மாம்பழம், ரோசாப்பூ, இஞ்சி, எலுமிச்சைப்புல் என்று எத்தனையோ வாசனைகளில் இலைத் தேயிலைகள் கிடைக்கின்றன. 2008இல் குயின் வீதி மேற்கில் தனது முதற் கடையைத் திறந்த டேவிட்ஸ் ரீ நிறுவனம் பல அங்காடிகளுக்கும் பரவி, 2020இல் பெரும்பாலான கடைகளை மூடியது. ஆனால் வாசனைத் தேயிலை வாங்கும் பழக்கம் எம்மவரிடையே நின்றுவிடவில்லை. பிறந்தநாளுக்கும் அன்னையர் தினத்துக்கும் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் பரிசுகளில் இந்தத் தேயிலைப் பேணிகளும் அடங்கும்.

எமது முதியோர் ஒன்றுகூடலுக்கு வரும் ஓர் அம்மாவுக்கும் அப்படித்தான் ஒரு பேணி கிடைத்தது. சீனி போடாமலே இனித்தது. நீரிழிவு உள்ளவர் அல்லவா, மிகவும் பிடித்துவிட்டது. நாளுக்கு நான்கு கோப்பை குடித்தார். சில வாரங்களில், பல வருடங்களாகக் கட்டுப்பாட்டில் இருந்த குருதி அமுக்கம் ஏறத் தொடங்கியது. "புதிதாக ஏதும் மருந்து எடுக்கிறீர்களா?" என்று வைத்தியர் கேட்டபோது, "ஒன்றும் இல்லை" என்றே சொன்னார். அது பொய்யுமல்ல. தேத்தண்ணியை யார் மருந்தென்று கணக்கெடுப்பார்கள்? கடைசியில் மருந்தாளர் ஒருவர்தான் பேணியின் பின்பக்கத்தை வாசித்துக் காரணத்தைக் கண்டார். அதில் அதிமதுரம் இருந்தது.

இதன் பிறகுதான் இந்தத் தேநீர் வகைகளை ஒழுங்காகச் சுவைத்தும், அவற்றின் விபரங்களை வாசித்தும் பார்ப்போம் என்று நாம் தீர்மானித்தோம். அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

மூன்று வகைகள்

கடையில் எல்லாமே "ரீ" என்ற பெயரில் இருந்தாலும் அவை மூன்று வகையானவை.

1. உண்மையான தேயிலை. கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை யாவும் ஒரே தாவரத்தின் இலைகள்தான். பதப்படுத்தும் முறையில்தான் வேறுபாடு. இவை எல்லாவற்றிலும் கஃபீன் உண்டு.

2. வாசனைத் தேயிலை. உண்மையான தேயிலையோடு பூ, பழத்தோல், எண்ணெய், வாசனைப் பொருள் சேர்த்தது. ஏர்ல் கிரே, மல்லிகைத் தேயிலை, மசாலாத் தேயிலை என்பன உதாரணங்கள். இவற்றிலும் கஃபீன் உண்டு.

3. மூலிகைத் தேநீர். இதில் பெரும்பாலும் தேயிலையே இராது. பூ, வேர், பட்டை, இலை, உலர்ந்த பழம் ஆகியவற்றின் கலவை. நாம் தடிமனுக்குக் குடிக்கும் மல்லித் தண்ணியும் வேர்க்கொம்புக் கசாயமும் இந்த வகையைச் சேர்ந்தவையே. பெரும்பாலானவற்றில் கஃபீன் இல்லை. ஆனால் ஒவ்வொரு மூலிகைக்கும் தனித்தனிக் குணம் உண்டு.

சுவைப்பது எப்படி?

இலங்கையில் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. மலையகத் தமிழர் கொய்த கொழுந்தின் விலை, சுவைப்போரின் நாக்கை நம்பியே தீர்மானிக்கப்பட்டது. அந்தச் சுவைப்போரின் முறை இன்று ஒரு சர்வதேச நியமமாகவும் உள்ளது: 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், 6 நிமிடம். பாலில்லாமலும் சுவைப்பார்கள், பால் சேர்த்தும் சுவைப்பார்கள். சீனி மட்டும் போடுவதில்லை. ஏனெனில் சீனி போட்டால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகிவிடும்.

வீட்டில் நாமும் இதைச் செய்யலாம். 6 நிமிடம் குறையை வெளிக்காட்டும் கடுஞ்சாயம் என்பதால் குடிப்பதற்கு 3 அல்லது 4 நிமிடம் போதும். பச்சைத் தேயிலைக்குக் கொதிநீர் கூடாது. கொதித்தபின் சில நிமிடம் ஆறவிட்டு, 75 முதல் 80 பாகை அளவில் ஊற்றினால் கசக்காது. மூலிகைக் கலவைகளுக்குக் கொதிநீரும் 5 முதல் 10 நிமிடமும் தேவை.

முதலில் உலர்ந்த இலையையும், பின் ஊறிய இலையையும் மணந்து பாருங்கள். பிறகு ஒரு கரண்டி தேநீரை "சர்" என்று சத்தம் வர உறிஞ்சுங்கள். அப்போது வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சபையில் அழகில்லைதான், ஆனால் சுவைப்போர் எல்லோரும் இப்படித்தான் உறிஞ்சுவார்கள். ஒரு முக்கிய விடயம்: கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டாம். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2016இல் வகைப்படுத்தியது.

நாம் ஒப்பிட்டவை

நுவரெலியாத் தேயிலை: இளம் பொன்னிறம், பூ வாசனை, மெல்லிய துவர்ப்பு. பால் ஊற்றினால் சுவை மறைந்துவிடும். பிளேன் ரீக்கு உகந்தது.

ருகுணுத் தேயிலை: இலங்கையின் தெற்கே தாழ்நிலத்தில் விளைவது. கடும் நிறம், கடும் சாயம். பாலுக்குத் தாக்குப்பிடிக்கும்.

ஏர்ல் கிரே: பேர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தோலின் எண்ணெய் சேர்த்தது. தோடம்பழத் தோலைக் கையால் நசித்தாற்போன்ற வாசனை. ஒன்றிரண்டு கோப்பையால் கேடில்லை. ஆனால் நாளுக்கு 4 லீற்றர் வரை குடித்த ஒருவருக்குத் தசைப்பிடிப்பு வந்ததாகவும், சாதாரண தேநீருக்கு மாறியதும் அது நீங்கியதாகவும் 2002இல் 'லான்செற்' மருத்துவ இதழ் பதிவு செய்தது. நல்ல பொருளுக்கும் அளவு உண்டு.

மல்லிகைத் தேயிலை: சீனாவில் பச்சைத் தேயிலையுடன் புது மல்லிகைப் பூக்களைக் கலந்து வைப்பார்கள். இலை வாசனையை உறிஞ்சிவிடும். எமக்கு இது கோயில் மணத்தை நினைவூட்டியது. தேயிலை எந்த வாசனையையும் இப்படியே உறிஞ்சும் என்பதால், பேணியை இறுக மூடி, சரக்குத்தூளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் எட்டவாக வையுங்கள்.

ரூயிபோஸ்: தென்னாபிரிக்காவின் சீடர்பெர்க் மலைப்பகுதிச் செடி. சிவந்த நிறம், மெல்லிய இனிப்பு. கஃபீன் இல்லை, துவர்ப்பும் குறைவு. பாலும் ஊற்றலாம். இரவில் தேத்தண்ணி குடித்தால் நித்திரை வராது என்போருக்கு நல்ல மாற்று.

இஞ்சியும் அதிமதுரமும் கலந்த மூலிகைத் தேநீர்: முதலில் இஞ்சியின் காரம், பிறகு நெடுநேரம் நாக்கில் தங்கும் இனிப்பு. ஒரு கரண்டி சீனிகூட இல்லாமல் இவ்வளவு இனிப்பா என்று வியப்பாக இருந்தது. இந்த இனிப்பைக் கண்டால்தான் பெட்டியைத் திருப்பி வாசிக்க வேண்டும்.

அதிமதுரம் என்ன செய்கிறது?

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசரைசின் என்ற பொருள். இதைத் தொடர்ந்து அதிகம் எடுத்தால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவைக்கும், பொற்றாசியத்தை வெளியேற்றும். அதனால் குருதி அமுக்கம் ஏறும். கால் வீங்கலாம், இதயத் துடிப்பும் தடுமாறலாம். சிறுநீரை அதிகரிக்கும் மாத்திரைகளோ இதயத்துக்கான டிகொக்சினோ எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

"எங்கள் அம்மம்மாவும் அதிமதுரம் தந்தவதானே" என்று நீங்கள் கேட்கலாம். தந்தார்தான். இருமல் வந்தால் தருவார், இருமல் நின்றதும் நிறுத்திவிடுவார். அவர் அதை மருந்தாகக் கண்டார், நாமோ அதைத் தினசரிப் பானமாக்கிவிட்டோம். பிழை மூலிகையில் இல்லை, நாம் அதைக் குடிக்கும் விதத்தில்தான்.

கனடாவில் உணவுப் பெட்டிகளில் உள்ளடக்கப் பொருட்கள் எடை கூடியதிலிருந்து குறைந்தது என்ற ஒழுங்கில் அச்சிடப்படும். ஆங்கிலத்தில் "லிக்கரிஸ் ரூட்" என்றோ பிரெஞ்சில் "ரெக்லிஸ்" என்றோ இருந்தால் அது அதிமதுரம். பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் அளவு அதிகம் என்று பொருள்.

யார் எதைக் கவனிக்க வேண்டும்?

குருதி அமுக்கம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள்: அதிமதுரம் கலந்த தேநீரைத் தவிருங்கள். செம்பருத்தி இனத்தின் புளிப்பான சிவப்புத் தேநீர் குருதி அமுக்கத்தைச் சற்றுக் குறைக்கும். அதற்கான மாத்திரை எடுப்பவர்கள் இதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்: கஃபீன் நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்கிறது ஹெல்த் கனடா. ஒரு கோப்பை கறுப்புத் தேநீரில் ஏறக்குறைய 50, பச்சைத் தேநீரில் 30 மில்லிகிராம் உண்டு. மூலிகைகளில் இஞ்சி, தோடம்பழத் தோல் போன்றவை கர்ப்ப காலத்தில் அளவோடு பாதுகாப்பானவை. கெமோமைல் பூத் தேநீரையும் சென்னா இலைத் தேநீரையும் தவிர்க்கச் சொல்கிறது.

சிறுவர்கள்: 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 45 மில்லிகிராம் கஃபீனே உச்சம். ஒரு கோப்பை கடும் பால் தேத்தண்ணி அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

மெலிவதற்கென விற்கப்படும் தேநீர்: பலவற்றில் சென்னா, அதாவது நிலாவாரை உண்டு. அது மலமிளக்கி. குறைவது நீர்தான், கொழுப்பு அல்ல.

மன அழுத்த மாத்திரை, கருத்தடை மாத்திரை, வோர்ஃபரின் எடுப்பவர்கள்: "சென் ஜோன்ஸ் வோர்ட்" கலந்த தேநீரைத் தொடவே வேண்டாம். அது மருந்துகளின் வேலையைக் குழப்பிவிடும்.

இரும்புச்சத்துக் குறைவுள்ள பெண்கள்: சோறும் பருப்பும் கீரையும் சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால், அதன் துவர்ப்புப் பொருள் அந்த உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து நன்கு சேரும்.

சீனிக் கணக்கு

ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு மூன்று கோப்பை என்றால் 24 கிராம். நாள் முழுவதும் சேர்க்கப்படும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. ஆகவே தேத்தண்ணியிலேயே ஒரு நாளின் பங்கு முடிந்துவிடுகிறது. ரின்பாலிலும் எடையில் ஏறக்குறைய பாதி சீனிதான். சில வாசனைக் கலவைகளில் உலர்ந்த பழத்தோடு சீனித் துண்டுகளும் இருக்கும்.

நல்ல தேயிலையை அளவான நேரம் ஊறவைத்தால் சீனியின் தேவை தானாகக் குறையும். ஏலக்காய், கறுவா, இஞ்சி சேர்த்துப் பாருங்கள். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, இரண்டு வாரம் கழித்து ஒன்றாக்குங்கள். நாக்கு பழகிவிடும்.

நிறைவாக ஒன்று. அடுத்த முறை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ போகும்போது மருந்துப் போத்தல்களோடு தேயிலைப் பேணியையும் பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். அந்த அம்மா இப்போது நுவரெலியாத் தேயிலையில் ஏலக்காய் போட்டுக் குடிக்கிறார். அதிமதுரத் தேநீரை நிறுத்திய சில வாரங்களில் அவரது குருதி அமுக்கம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அடுத்த அன்னையர் தினத்துக்குப் பேணி வாங்கும் பிள்ளைகளே, பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அதன் பின்பக்கத்தைத் திருப்பி வாசித்துவிடுங்கள்.