முதியோருக்கு வரும் நிமோனியா: மருந்தும் பரிசோதனையும்

நுரையீரலின் காற்றறைகளில் நோய்க் கிருமிகள் புகுந்து, அங்கே நீரும் சீழும் சேர்வதால் உண்டாவது நிமோனியா. இளையோரிடம் இது கடுங்காய்ச்சல், இருமல், மார்புவலி ஆகியவற்றுடன் வெளிப்படும். முதியோரிடமோ காய்ச்சல் இல்லாமலே மூச்சு வாங்குதல், மனக்குழப்பம், உணவில் வெறுப்பு, தடுமாறி விழுதல் ஆகியவையே முதற் குறிகளாக இருக்கலாம். குறிகள் மங்கலாக இருப்பதால் பரிசோதனையையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. அப்பரிசோதனை பொய்த்துப் போவதற்கு முன்னதாக உட்கொண்ட ஆன்டிபயாடிக் மருந்து ஒரு முக்கியக் காரணமாகும்.

கோழையையோ இரத்தத்தையோ ஊட்டப்பொருளில் இட்டு, உடல் வெப்ப நிலையில் வைத்து, கிருமிகளைப் பெருகச் செய்து இனங்காண்பது வளர்ப்புச் சோதனை. உயிருள்ள கிருமியே இவ்வாறு பெருகும். நிமோனியாவுக்குப் பெரிதும் காரணமான நிமோகாக்கஸ் எளிதில் சிதையும் இயல்புடையது. ஒன்றிரண்டு வேளை மருந்துக்குப் பின்னரே அது சோதனையில் அகப்படாமற் போகலாம். நுரையீரலில் அழற்சியோ நீடித்திருக்கும். எனவே, ‘கிருமி காணப்படவில்லை’ என்ற முடிவுக்கு ‘நோய் இல்லை’ என்று பொருள் கொள்ளலாகாது.

எல்லாச் சோதனைகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும் நிழல் சில வேளை மருந்தால் மறைந்துவிடாது. முதியோரிடம் அது நீங்கப் பல வாரங்கள் ஆகும். நிமோகாக்கஸின் சுவர்ப்பொருளைச் சிறுநீரில் காணும் சோதனை, மருந்து தொடங்கிச் சில நாட்கள் கழிந்தும் பயன்படும். பி.சி.ஆர். சோதனை இறந்த கிருமியின் மரபுப் பொருளையும் காட்டும். ஆயினும், எம்மருந்து பலிக்கும் என்பதை விரிவாக அறிய வளர்ப்புச் சோதனையே வேண்டும்.

நம் நாட்டில் மற்றோர் இடரும் உண்டு. லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். காசநோயை நிமோனியா எனக் கருதி இவற்றைக் கொடுத்தால், இருமல் சிறிது காலம் தணியும். கோழையிலும் கிருமி தென்படாதிருக்கலாம். இதனால் நோயை அறிதல் தாமதமாகும். அதற்குள் அது வீட்டிலுள்ள பிறருக்கும் பரவக்கூடும். 2013-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட எச்-1 அட்டவணையில் இம்மருந்து அடங்கும். மருத்துவரின் சீட்டின்றி இதனை விற்கலாகாது. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்தலும் வேண்டும்.

களப் பணியாளர்கள், முதியவர் அண்மையில் உட்கொண்ட மருந்துகள் யாவை என்று முதலில் கேட்டறிய வேண்டும். பெயர் தெரியாவிடில் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தல் நலம். மருந்தின் பெயரையும், கடைசியாக உட்கொண்ட நாளையும் நேரத்தையும் பரிசோதனைச் சீட்டில் எழுதி அனுப்புக. இயன்றவரை முதல் வேளை மருந்துக்கு முன்னரே கோழையும் இரத்தமும் எடுக்கப்படுதல் நன்று. ஆனால், மூச்சுத் திணறலோ மனக்குழப்பமோ உள்ளவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புக. சோதனையின் பொருட்டு மருந்து தாமதப்படலாகாது.

மீந்த மாத்திரைகளைப் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் கொடுத்தல் தீங்கு என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு உணர்த்துவார்களாயின், அச்செய்தி வீடுதோறும் சென்று சேரும்.