இருவரும் உண்ணும் சோறு



விடியற்காலை நாலரை மணி. தம்பின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டின் அடுப்படியில் விளக்கு எரிகிறது. உலை கொதிக்கிறது. வீட்டுக்காரி எழுந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுக்க வேண்டும்; மத்தியானத்துக்குச் சோறு வடிக்க வேண்டும்; பிறகு கணவரோடு வேலைக்காட்டுக்கும் போக வேண்டும். நம்மில் பலருக்கு இது பழகிய காட்சி. தோட்டத்தை விட்டுத் தம்பின் பட்டணத்துத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்துவிட்டவர்களும் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

இன்றைய பேச்சில், இப்படிச் சேர்ந்து உழைக்கும் கணவன் மனைவி இருவருடைய சாப்பாட்டைப் பற்றியும், அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

நாம் அறிந்த தம்பதி ஒருவர். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். மனைவி உதிரிப்பழம் பொறுக்குகிறார். சில மாதங்களாக அந்த அம்மாளுக்கு உடம்பு ஓய்ந்துகொண்டே வந்தது. "என்னங்க, ஒரு நெரை முடியறதுக்குள்ளே மூச்சு வாங்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்பார். "வெயில்தான் புள்ளே, கொஞ்சம் உட்கார்ந்துட்டு வா" என்று கணவர் சமாதானம் சொல்வார். ஒரு நாள் அவர் மரத்தடியிலேயே சாய்ந்துவிட்டார். மருந்தகத்தில் இரத்தத்தைச் சோதித்தார்கள். சோகை என்றார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதம் தவறாமல் சாப்பிட்டும் பெரிய பலன் இல்லை.

மாத்திரையில் குறை இல்லை. குறை அடுப்படியில் இருந்தது. அது என்ன என்பதைப் பிறகு சொல்வோம். அதற்கு முன், அடுப்படியில் செய்யும் சிறு மாறுதல் உயிரையே காக்கவும் வல்லது என்பதற்கு நம்முடைய நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே கிடைத்த சான்று ஒன்றைக் கேளுங்கள்.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இருதயம் தளரும். காரணம் யாருக்கும் தெரியவில்லை. அப்போது இம்மாநில அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை இந்நோய் வாரிக்கொண்டு போயிற்று. கம்பத்து மலாய்க்காரர்களுக்கு அது அரிதாகவே வந்தது. தோட்டங்களிலும் சாலைகளிலும் பாடுபட்ட தமிழர்களுக்கோ ஏறக்குறைய வரவே இல்லை. ஒரே மண், ஒரே மழை, ஒரே கொசு. அப்படியானால் வேறுபாடு எங்கே?

வேறுபாடு பானையில் இருந்தது. சீனத் தொழிலாளர்கள் ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளை அரிசியை உண்டார்கள். மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை வீட்டிலேயே அவ்வப்போது குற்றி உண்டார்கள். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. பிராடன் 1907இல் இதையெல்லாம் நூலாக எழுதி வெளியிட்டார். பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் எண்ணியது தவறு. ஆயினும் அவர் விரல் நீட்டிய இடம் சரியான இடம்.

அதே 1907ஆம் ஆண்டில் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் ஜெலுபு பகுதியைச் சேர்ந்த டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி. மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. சில மாதங்களில் வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் அரிசி உண்டவர்களுக்கு வரவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அரிசியின் பின்னாலேயே போயிற்று.

இதன் சூட்சுமம் என்ன? நெல்லின் தவிட்டில் பி1 என்னும் உயிர்ச்சத்து இருக்கிறது. அரிசியை வெளுக்கத் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தினால், தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. 1926இல் ஜாவாவில்தான் அந்தச் சத்து முதன்முதலில் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. நம் பாட்டிமார் உயிர்ச்சத்து என்ற சொல்லையே கேட்டறியாதவர்கள். ஆனாலும் ஊரிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பழக்கம் அவர்களைக் காப்பாற்றியது.

பின்னர் 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்தது. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. அப்போது பெரிபெரி நம்மையும் விட்டுவைக்கவில்லை. தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளை ரயில்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்தெடுத்து, சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்துத் தமிழர்களில் ஆயிரமாயிரம் பேரும் அதே பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களுள் நோயாலும் பட்டினியாலும் மடிந்தவர்கள் மிகப் பலர். சோற்றின் அருமையைச் சொல்ல இதைவிடக் கசப்பான சான்று வேண்டுமா?

சரி, இன்று நிலைமை என்ன? இன்று நம் பானையிலும் பெரும்பாலும் வெள்ளை அரிசிதான். பருப்பு, மீன், முட்டை எல்லாம் சேர்த்து உண்பதால் பெரிபெரி வருவதில்லை. ஆனால் வேறொன்று வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது மூவரில் ஒருவர் என்ற அளவை நெருங்கியது. நாள் முழுதும் மரத்துக்கு மரம் நடந்தவர்களுக்குக் குவித்துப் போட்ட சோறு செரித்தது. பாதுகாவலர் வேலை, தொழிற்சாலை வேலை, வண்டி ஓட்டும் வேலை என்று மாறிய பிறகும் சோற்றின் அளவு மாறவில்லை. கெட்டிப்பால் கோப்பியும் மாறவில்லை. ஆகவே சோற்றைச் சிறிது குறைத்து, அந்த இடத்தைக் கீரைக்கும் காய்க்கும் கொடுப்பதே முதல் வேலை.

இப்போது அந்த அம்மாளிடம் திரும்புவோம். மூன்றாம் முறை போனபோது, மிஸ்ஸி என்று நாம் அழைக்கும் தாதி ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்திரையை எதோட குடிக்கிறீங்க, அக்கா?"

"தேத்தண்ணியோடதான் மிஸ்ஸி. காலையிலே அதுதானே வயித்துக்குப் போகுது."

அங்கேதான் முடிச்சு இருந்தது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். உடல் அதை ஏற்றுக்கொள்ளாது. புளிப்பான பழங்களில் உள்ள சி உயிர்ச்சத்தோ அதற்கு வழிகாட்டி அழைத்துச் செல்லும். ஆகவே மாத்திரையைத் தண்ணீரோடு, அல்லது எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட வேண்டும். தேநீர் குடிப்பதானால் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கும் இதே விதிதான்.

தாதி இன்னொரு கேள்வியும் கேட்டார்: "வீட்டிலே நீங்க எப்போ சாப்பிடுறீங்க?" எல்லாரும் சாப்பிட்ட பிறகு என்று அந்த அம்மாள் சொன்னார். மீன் துண்டுகள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். சட்டியில் மிஞ்சிய குழம்பும் அடிச்சோறும் அவருக்கு. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் உடம்பு. பிள்ளை பெற்ற உடம்பு. கணவருக்குச் சமமாக வேலைக்காட்டில் குனிந்து நிமிரும் உடம்பு. அந்த உடம்புக்குத்தான் வீட்டிலேயே குறைந்த பங்கு. பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த கணவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை இரண்டு தட்டுகளை எடுத்து வைத்து, "நீயும் உட்காரு" என்றாராம். மருந்து அன்றைக்குத்தான் வேலை செய்யத் தொடங்கியது எனலாம்.

நல்ல உணவுக்கு மிகுந்த பணம் வேண்டும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, ஒரு கொய்யா இருந்தால் போதும். அது பாதிச் சந்தை. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் ஏ உயிர்ச்சத்தும் உண்டு. கிளையை வெட்டி நட்டாலே வளரும். தாமான் வீட்டில் மண் இல்லையென்றால் பழைய வாளியில் தண்டுக்கீரை விதையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். கீரையை நறுக்கிய பின் கழுவாதீர்கள். கழுவிய பின் நறுக்குங்கள். நீரில் கரையும் சத்துகள் வீணாகா. மூடிச் சிறிது நேரமே வேகவைத்து, இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். நெத்திலி சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் சோகை கண்டவர்கள் கீரையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கம்பத்து அண்டைவீட்டாரிடமும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சின்ன மிளகாயும் சேர்த்து அவர்கள் ஆக்கும் லெமாக் குழம்பு இம்மாநிலத்தின் பெருமை. நம் வீட்டு முருங்கைக்காய் அவர்கள் வீட்டுக்குப் போவதும், அவர்கள் வீட்டு ரம்புத்தான் நம் வீட்டுக்கு வருவதும் தம்பின் பக்கத்தில் புதிதல்லவே.

இங்கே எச்சரிக்கை இரண்டு. மரவள்ளிக்கிழங்கில், கசப்பு வகையில் சிறப்பாக, சயனைடு என்னும் நஞ்சை உண்டாக்கும் பொருள் உண்டு. தோலை முழுவதும் உரித்து, திறந்த பாத்திரத்தில் நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். அடுத்தது, வேலைக்காட்டுக் கீரை. களைக்கொல்லி மருந்து அடித்த நெரைகளில் கீரையோ கொழுந்தோ பறிக்காதீர்கள். கொடிய பாராகுவாட் மருந்து இந்நாட்டில் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. எனினும் வேறு மருந்துகள் இருக்கின்றன. மருந்துத் தோம்பு எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் பிடிக்க உதவாது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். "ஆறு நாளும் காட்டில் நடக்கிறோம், ஏழாம் நாளும் நடப்பதா?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் வேலைக்காட்டு நடையில் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். தலையில் சுமை, மனத்தில் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை நடையில் இருவரும் ஒரே திசையில் நடக்கிறார்கள், பேசிக்கொண்டு நடக்கிறார்கள். வாரம் முழுதும் உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கோ அது மருந்தும் ஆகும். நடக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது.

எங்கே போகலாம்? பக்கத்து ரெம்பாவ் மாவட்டத்தில் 884 மீட்டர் உயரமுள்ள டத்தோ மலை இருக்கிறது. பாத்தாங் ஞாமோர் கம்பத்திலிருந்து விடியலில் ஏறத் தொடங்கினால், வேர்களையும் பாறைகளையும் பிடித்து இரண்டு மூன்று மணி நேரத்தில் மேலே போய்விடலாம். உச்சிப் பாறையில் ஏணி வைத்திருக்கிறார்கள். வனத்துறையின் அனுமதி விதிகளை முன்னதாகக் கேட்டறிந்து செல்லுங்கள். அந்த மலைக்கு மினாங்கபாவ் மக்களின் முன்னோர் கதை ஒன்று உண்டு. அவர்களுடைய அடாட் பெர்ப்பாத்தே வழக்கப்படி மூதாதையர் நிலம் மகள் வழியாகவே இறங்குகிறது. மேலே நின்று அந்நிலங்களைப் பார்க்கும்போது, நம் வீட்டுப் பெண்ணின் பங்கையும் நினைத்துக்கொள்ளலாம்.

மலை ஏற முடியாதவர்கள் பூலாவ் செபாங் நிலையத்தில் கொம்யூட்டர் ரயில் ஏறலாம். அத்தடம் சிரம்பான், கோலாலம்பூர் வழியாகப் பத்துமலை வரை போகிறது. 272 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம்.

கட்டுச்சோற்றுக்குப் புளிச்சோறே சிறந்தது. புளியும் உப்பும் எண்ணெயும் அதை எளிதில் கெடவிடா. தேங்காய்ப்பால் சேர்ந்த உணவு வெக்கையில் விரைவில் ஊசிப்போகும். அதை வீட்டிலேயே உண்பது நல்லது.

அருவிக்குப் போகிறவர்கள் கவனம். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் திடீரென்று பாய்ந்து வரும். 2021 ஆகஸ்டில் கெடா மாநிலத்து ஜெராய் மலையில் அப்படி வந்த வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறுங்கள்; துணிமணிக்காக நிற்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சலும் வரும். 2010இல் பகாங்கின் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மீட்புப் பணிக்கு இறங்கியவர்களில் சிலர் அதனாலும் வேறொரு மண்கிருமியாலும் இறந்தார்கள். காலில் புண் இருந்தால் நீரில் இறங்காதீர்கள். நீராடிய இரண்டொரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், எங்கே குளித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். செம்பனைக் காட்டில் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கும் எலிகள் உண்டு.

நேயர்களே, நாம் சொன்ன அந்தத் தம்பதி இப்போது எப்படி இருக்கிறார்கள்? அந்த அம்மாள் மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிட்டார். சில மாதங்களில் முகத்தில் இரத்தம் ஊறியது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டுச்சோற்றுக்குக் கணவரே வெங்காயம் உரிக்கிறார், கீரை ஆய்கிறார். முதலில் அண்டைவீட்டார் சிரித்தார்கள். பிறகு அவர்களும் கூட வரத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த வாரம் நாம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. இன்றிரவு சாப்பிடும்போது அடுப்படியில் நிற்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மீன் துண்டை முதலில் அவர் தட்டில் வையுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் தானே வரும்.