படை அலகு அட்டையை வாசித்தல்: வார்ஹேமர் 40,000 மேசைப் போர் விளையாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சிற்றுருவப் பொம்மைகளைக் கொண்டு மேசைமீது ஆடப்படும் போர் விளையாட்டுகள் பலவற்றில் ஒவ்வொரு படை அலகுக்கும் ஒரு விவர அட்டை உண்டு. வார்ஹேமர் 40,000 விளையாட்டின் பத்தாம் பதிப்பை (2023) எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்வட்டையின் அமைப்பையும் வாசிப்பு முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. அட்டையிலுள்ள எண் எதிரியின் அட்டையிலுள்ள எண்ணோடு சேரும்போதே பொருள் பெறுகிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

முன்னுரை

பிரஷ்யப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்னும் போர் விளையாட்டில், மோதலின் விளைவை நடுவரே பகடையையும் அட்டவணைகளையும் கொண்டு கணக்கிட்டார். எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூலின் ஆட்டத்தில், பொம்மைப் பீரங்கி எறிந்த மரத்துண்டு வீழ்த்திய வீரன் இறந்தவனாகக் கொள்ளப்பட்டான். 1987இல் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் வெளியிட்ட வார்ஹேமர் 40,000 பகடையைச் சார்ந்தது. பொதுவாக இருவர் எதிரெதிரே நின்று இதனை ஆடுவர், நடுவர் இருப்பதில்லை. நடுவரின் இடத்தைப் பெருமளவு அட்டையே ஏற்கிறது. ஆகவே அட்டையை வாசிக்கத் தெரியாதவர் எதிராளியின் சொல்லையே தீர்ப்பாக ஏற்க நேரிடும்.

அட்டையின் அமைப்பு

அட்டையின் மேற்பகுதியில் ஆறு எண்கள் உள்ளன. இன்டர்செஸர் என்னும் காலாட்படை அலகின் அட்டையில் அவை வருமாறு: நகர்வு 6 அங்குலம், உறுதி 4, காப்பு 3+, காயம் 2, தலைமை 6+, இலக்குக் கட்டுப்பாடு 2. நகர்வு என்பது ஒரு முறையில் கடக்கும் தொலைவு. உறுதி என்பது அடியைத் தாங்கும் உடல்வன்மை. காப்பு என்பது கவசத்தின் திறன். காயம் என்பது ஒரு வீரன் வீழ்வதற்குமுன் ஏற்கும் சேதத்தின் அளவு. தலைமை என்பது மனவுறுதியையும், இலக்குக் கட்டுப்பாடு என்பது களத்தின் குறியிடங்களைக் கைப்பற்றும் ஆற்றலையும் குறிக்கும்.

அடுத்த பகுதி படைக்கலங்களுக்குரியது. இன்டர்செஸரின் போல்ட் துப்பாக்கிக்கு வீச்சு 24 அங்குலம், தாக்குதல் 2, சுடுதிறன் 3+, வலு 4, கவச ஊடுருவல் -1, சேதம் 1 எனக் குறிக்கப்பட்டுள்ளது. சிறப்புத் திறன்களும், எந்த விதி எந்த அலகுக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் குறிச்சொற்களும் அட்டையின் பிற பகுதிகளில் இடம்பெறுகின்றன.

எண்ணின் திசை

புதியவர் முதலில் தடுமாறுவது எண்ணின் திசையிலாகும். உறுதி, வலு, காயம் ஆகியவற்றில் பெரிய எண்ணே சிறந்தது. கூட்டல் குறியுடன் வரும் எண்ணோ பகடையில் பெறவேண்டிய குறைந்த அளவைச் சுட்டுவது. எனவே 2+ என்பது 5+ஐ விடச் சிறந்த காப்பாகும். தலைமைச் சோதனைக்கு மட்டும் இரு பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். பாதிக்கும் குறைவான வீரரே எஞ்சிய அலகு இச்சோதனையில் தோற்றால், அதன் இலக்குக் கட்டுப்பாடு தற்காலிகமாகச் சுழியமாகும். அதாவது, வீரர் களத்தில் நின்றாலும் குறியிடத்தைக் கைப்பற்ற இயலாது.

இரு அட்டைகளின் சந்திப்பு

வலுவும் உறுதியும் சமமாயின் காயப்படுத்த 4+ வேண்டும்; வலு மிகுந்தால் 3+, இருமடங்கோ அதற்கு மேலோ ஆனால் 2+; வலு குறைந்தால் 5+, பாதியோ அதற்குக் குறைவோ ஆனால் 6+. இவ்விதி ஓர் அட்டையின் எண்ணை மற்றோர் அட்டையின் எண்ணோடு இணைக்கிறது.

ஐந்து இன்டர்செஸர்கள் ஆர்க் பாய்ஸ் அலகின்மீது சுடுவதாகக் கொள்வோம். ஆர்க்குகளின் உறுதி 5, காப்பு 5+, காயம் 1. தாக்குதல்கள் 10. சுடுதிறன் 3+ ஆதலின் சராசரியாக 6.67 குண்டுகள் இலக்கை எட்டும். வலு 4 உறுதி 5ஐ விடக் குறைவாதலால் 5+ தேவை, 2.22 காயங்கள் ஏற்படும். கவச ஊடுருவல் காப்பை 6+ ஆகத் தாழ்த்துகிறது, எனவே 1.85 காயங்கள் தடுக்கப்படாமல் எஞ்சும். ஏறத்தாழ இரு ஆர்க்குகள் வீழ்வர்.

அதே குண்டுகளை டெர்மினேட்டர் அலகு எதிர்கொண்டால் விளைவு வேறாகும். அதற்கும் உறுதி 5தான். ஆனால் காப்பு 2+, காயம் 3. ஊடுருவலுக்குப் பின் காப்பு 3+ ஆகும். ஊடுருவலால் குறையாத 4+ தனிக்காப்பும் அவ்வட்டையில் உண்டு. எனினும் 3+ மேலானதாதலால் அதுவே பயன்படும். எஞ்சுவது 0.74 காயம் மட்டுமே. சராசரியில் ஒரு வீரன்கூட வீழ்வதில்லை. உறுதியை மட்டும் ஒப்பிட்டவர் இவ்விரு அலகுகளையும் நிகரானவை எனத் தவறாகக் கருதுவார்.

படைக்கலத்தின் பெயரருகே உள்ள சிறு சொற்களும் கணக்கை மாற்றும். போல்ட் துப்பாக்கிக்குரிய ‘ஹெவி’ என்னும் சொல், அலகு நகராமல் நின்று சுட்டால் இலக்கை எட்டும் பகடைக்கு 1 கூட்டுகிறது. அப்போது 3+ என்பது 2+ ஆகி, ஆர்க்குகளுக்கு எதிரான 1.85 காயங்கள் 2.31ஆக உயர்கின்றன. நகர்ந்து குறியிடத்தை அடைவதா, நின்று சுடுவதா என்னும் முடிவு இச்சொல்லை வாசிப்பதில் அடங்கியுள்ளது.

வாசிப்பும் நேர்மையும்

எல்லாப் படைகளின் அட்டைகளும் ஒரே அமைப்பில் உள்ளமையால், தம் அட்டையை வாசிக்கக் கற்றவர் தாம் ஒருபோதும் ஆடாத படையின் அட்டையையும் வாசிக்க இயலும். எதிராளி கூறும் எண்ணை அட்டையில் சரிபார்ப்பது ஐயத்தின் வெளிப்பாடன்று. நடுவரில்லா ஆட்டத்தில் அது இருவருக்கும் உரிய கடமை. வெளியீட்டாளர் அவ்வப்போது திருத்தங்களை வெளியிடுவதால், அச்சிட்ட அட்டை நடப்பிலுள்ளதா என்பதையும் ஆட்டத்திற்கு முன்பே இருவரும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

படை அலகு அட்டையில் எண்ணின் திசையை அறிதல், இரு அட்டைகளை இணைத்து வாசித்தல், சிறு சொற்களை விடாது நோக்கல் ஆகிய மூன்றும் வாசிப்பின் படிகளாகும். நடுவரிடம் இருந்த கணக்கு அட்டை வழியாக ஆட்டக்காரர் கைக்கு வந்துள்ளது. இருவரும் அதனை ஒருங்கே வாசிக்கும்போதுதான் தோற்றவரும் தம் தோல்வியை மனமொப்பி ஏற்க முடியும்.