‘பிக்’ இருக்கும் இடத்தில் ‘லார்ஜ்’ வருமா?

அக்காவை ஆங்கிலத்தில் ‘பிக் சிஸ்டர்’ என்பார்கள். அதையே ‘லார்ஜ் சிஸ்டர்’ என்று மாற்றினால் அக்காவின் வயது போய் உடல் பருமன் வந்துவிடும். அகராதியிலோ இரண்டுக்கும் ‘பெரிய’ என்றே பொருள் இருக்கும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று ‘பிக்’கை அடித்துவிட்டு வேறு சொல் தேடும் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஏன் இத்தனை சொற்கள்?

1066-ல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் வந்து குவிந்தன. கல்வியின் வழியே லத்தீனும் சேர்ந்துகொண்டது. ‘கிரேட்’ பழைய ஆங்கிலச் சொல். ‘லார்ஜ்’ பிரெஞ்சு வழி வந்தது. ‘எனார்மஸ்’ லத்தீன் வேர் கொண்டது. புதியவை வந்ததால் பழையவை எல்லாம் மறைந்துவிடவில்லை. பல சொற்கள் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டன.

எது எதோடு சேரும்?

தொகை, எண்ணிக்கை என்றால் பெரும்பாலும் ‘லார்ஜ்’: ‘லார்ஜ் அமவுன்ட்’, ‘லார்ஜ் நம்பர்’. தவறும் முடிவும் ‘பிக்’கோடு இயல்பாகச் சேரும்: ‘பிக் மிஸ்டேக்’, ‘பிக் டிசிஷன்’. மரியாதை, மகிழ்ச்சி போன்றவற்றுக்கு ‘கிரேட்’: ‘கிரேட் ரெஸ்பெக்ட்’, ‘கிரேட் ப்ளெஷர்’. பாலைவனம், கடல் எனப் பரந்து கிடப்பவை ‘வாஸ்ட்’. நெஞ்சைத் தாக்கிச் சாய்க்கும் மாரடைப்பு ‘மாஸிவ் ஹார்ட் அட்டாக்’.

இந்தச் சேர்க்கையை மொழியியலில் ‘கொலொகேஷன்’ என்கிறார்கள். மொழியியலாளர் எம்.ஏ.கே. ஹாலிடே காட்டிய உதாரணம் புகழ்பெற்றது: தேநீர் ‘ஸ்ட்ராங்’, கார் ‘பவர்ஃபுல்’. இடம் மாற்றிப் போட்டால் இலக்கணம் கெடாது. ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதில் அது ஒட்டாது.

அழுத்தம் எவ்வளவு?

‘வெரி பிக்’ சரி. ‘வெரி ஹியூஜ்’ இடறும். ‘ஹியூஜ்’ என்பதற்குள்ளேயே ‘மிக’ அடங்கியிருக்கிறது. கூடுதல் அழுத்தம் வேண்டுமென்றால் ‘அப்சல்யூட்லி ஹியூஜ்’ என்பதே வழக்கு.

எங்கே தேடுவது?

மருத்துவரான பீட்டர் மார்க் ரோஜே 1852-ல் வெளியிட்ட தெசாரஸ், நம் நிகண்டுகளைப் போலச் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுத்தது. 1,000 தலைப்புகள் இருந்த அந்த நூலில் பொருள் விளக்கம் கிடையாது. தெரிந்த சொல்லை நினைவுக்குக் கொண்டுவர அது உதவும். தெரியாத சொல்லின் பழக்கத்தைக் கற்றுத்தராது. அதற்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதி வேண்டும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1987-ல் வந்த கோபில்ட் அகராதி, கணினியில் சேகரித்த உண்மையான ஆங்கில வாக்கியங்களை அடிப்படையாகக் கொண்டது. இன்று பயில்வோருக்கான நல்ல அகராதிகள் பலவும் அந்த வழியில்தான் செல்கின்றன.

எனவே பெயரடையை மாற்றுவதற்கு முன், அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அந்த இரண்டும் சேர்ந்து வரும் வாக்கியம் அகராதியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ‘பிக்’கையே வைத்துக்கொள்ளுங்கள். எளிய சொல் இரண்டு முறை வருவது குறையல்ல. பொருந்தாத சொல் ஒருமுறை வந்தாலும் வாக்கியம் சொல்ல வந்ததே மாறிவிடும்.