பாலத்துக்கு அப்பால் பிள்ளையோடு குடிபோகலாமா?

ஜோகூர் மாநிலத்துச் செனாயில் விடியும் முன்பே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். ஜோகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மாக்கள் இங்கே நிறையப் பேர். மணவிலக்குப் பெற்று, பிள்ளையைத் தனியாக வளர்க்கும் தாய்க்கு இந்த ஓட்டம் ஒருநாள் முடியாமல் போகும். அங்கேயே வீடு பார்த்துப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடலாமே என்று தோன்றும். தினமும் போய்வருகிற ஊர்தானே, பக்கத்துத் தாமானுக்கு மாறுவது போலத்தான் இருக்கும். ஆனால் சட்டத்துக்கு அது வெளிநாடு.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் மணவிலக்கு வழக்குகள் உயர் நீதிமன்றத்தில் நடக்கின்றன. 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள 164ஆம் சட்டமே அவற்றுக்கு அடிப்படை. (முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம்.) 164ஆம் சட்டத்தின் 88ஆம் பிரிவு பிள்ளையின் நலனையே எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறது. 7 வயது நிரம்பாத பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று எடுத்துக்கொண்டாலும், தந்தை அதை மறுத்து வாதாடலாம். 'பராமரிப்பு உரிமை என் கையில்தானே இருக்கிறது' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த உரிமையோடு நிபந்தனைகளையும் சேர்க்க 89ஆம் பிரிவு இடம் தருகிறது: பிள்ளை எங்கே வசிப்பது, மற்றவர் எப்போது வந்து பார்ப்பது, நாட்டைவிட்டுக் கூட்டிப் போகலாமா கூடாதா. தாயோ தந்தையோ மனுச் செய்தால், பிள்ளையை மலேசியாவுக்கு வெளியே கொண்டுபோக நீதிமன்றம் தடை போடலாம், நிபந்தனையோடு அனுமதியும் தரலாம் என்கிறது 101ஆம் பிரிவு. தடையை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு.

அனுமதி கேட்டு நிற்கும் தாயிடம் நீதிபதி முதலில் கேட்கக்கூடியது, பிள்ளை அங்கே எந்த அனுமதியில் தங்கும் என்பதுதான். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் பிள்ளையைச் சார்ந்தோராகக் கூட்டிக்கொள்ள முடியாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வைத்திருப்பவருக்கும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும், அதுவும் சிங்கப்பூர் வெள்ளி. அரசுப் பள்ளியில் இடமும் எளிதாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனித் தேர்வே வைக்கிறார்கள். இவற்றுக்குப் பதில் இல்லாமல் மனுப் போடுவது வீண் செலவு.

பிள்ளை திரும்பி வராதோ என்ற தந்தையின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு முறையின்றிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளையை விரைவாகத் திருப்பி அனுப்ப, 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் உண்டு. சிங்கப்பூரில் அது 2011 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியாவும் இந்தியாவும் அதில் சேரவில்லை.

சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோயம்புத்தூர் வழக்கு ஒன்று சாட்சி. 2012இல், மணவிலக்கு முடியும் முன்பே, இங்கிலாந்தில் வாழ்ந்த தமிழ்த் தாய் ஒருவர் இரண்டு மகள்களோடு கோயம்புத்தூர் வந்துவிட்டார். தந்தை இங்கிலாந்து நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கினார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 2015 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் இங்கிலாந்து போக வேண்டும் என்றது. 2017இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், வெளிநாட்டு உத்தரவுக்கு அந்த அளவு எடை கொடுத்தது சரியல்ல, பிள்ளையின் நலனே முடிவு செய்யும் என்று திருத்திக்கொண்டது. 2015 தீர்ப்பு வருவதற்குள்ளேயே அந்தக் கோயம்புத்தூர்ச் சிறுமிகள் புதுப் பள்ளியில் இரண்டரை வருடம் படித்துவிட்டார்கள். எனக்கு இந்த வழக்கில் மனத்தை உறுத்துவது அதுதான்.

நாட்டுக்குள்ளேயே இடம் மாறினாலும் சிக்கல் இல்லாமல் இல்லை. செனாயிலிருந்து பினாங்கு 600 கிலோமீட்டருக்கு மேல். 'சனிக்கிழமைதோறும் தந்தை பார்க்கலாம்' என்று உத்தரவில் இருந்தால், அங்கே குடிபோன மறுவாரமே அது காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். நிலைமை பெரிதாக மாறினால் உத்தரவை மாற்றித் தரச் சொல்ல 164ஆம் சட்டத்தின் 96ஆம் பிரிவு வழிசெய்கிறது. பெட்டி கட்டும் முன் அந்த மனுவைப் போட வேண்டும்.

மணவிலக்குக்கு இருவரும் ஒத்துப்போய்க் கூட்டு மனுப் போடுகிறவர்கள் இதையெல்லாம் அப்போதே எழுதிக்கொள்ளலாம். இடம் மாறுவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்னால் சொல்வது, கடப்பிதழ் யாரிடம் இருப்பது, பள்ளி விடுமுறையில் யார் வீடு, பஸ் செலவு யாருடையது, பிள்ளையை எந்த இடத்தில் ஒப்படைப்பது. வழக்கறிஞருக்குக் கட்ட வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை அணுகலாம். வருமானம் பார்த்துக் குடும்ப வழக்குகளுக்கு உதவுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் பிள்ளையையும் உட்கார வைத்து, எங்கே போகிறோம், அப்பாவை எந்த நாளில் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.