சுருள் உரோம நாயும் அதன் முடிவெட்டும்

பூடில் என்னும் நாயைப் படத்திலேனும் காணாதவர் இக்காலத்திற் சிலரே. பின்னுடல் மழிக்கப்பட்டு, மார்பிலே சிங்கத்தின் பிடரிபோல உரோமம் அடர்ந்து, கணுக்கால்களிலும் வால் நுனியிலும் பஞ்சுருண்டை போன்ற குஞ்சங்களைத் தாங்கி நிற்கும் அதன் கோலத்தைக் கண்டதும், செல்வர் வீட்டு ஆடம்பரம் இது என்று நகைப்பவர் பலர். நகைப்பது எளிது. ஆயினும் அந்தக் கோலம் குளிர்ந்த நீரிலே உழைத்த ஒரு வேட்டை நாயின் தேவையிலிருந்து பிறந்தது. சுருள் உரோம நாயொன்றை வளர்ப்போர் அதற்கு எவ்வகை முடிவெட்டைத் தெரிவு செய்யலாம், தெரிந்ததை எவ்வாறு பேணலாம் என்று ஆராயுமுன் இந்தப் பழங்கதையைச் சிறிது சொல்லுதல் தகும்.

பூடில் பிரான்சு தேசத்து நாய் என்பது பொது எண்ணம். பெயரோ ஜேர்மன் மொழியிலிருந்து வந்தது. நீரிலே துளாவித் தெறித்தலைக் குறிக்கும் சொல்லொன்றே அதன் அடி. பிரெஞ்சுக்காரர் இந்நாய்க்கு இட்ட 'கனீஷ்' என்ற பெயரும் வாத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. வேடன் சுட்டு வீழ்த்திய நீர்ப்பறவையை நீந்திச் சென்று கௌவி வருவதே இதன் தொழில். அடர்ந்த சுருள் உரோமம் குளிரைத் தடுக்கும். ஆனால் நனைந்தால் ஈரக் கம்பளிபோலப் பாரமாகி நீந்தும் கால்களை இழுக்கும். ஆதலால் பின்னங்கால்கள் தடையின்றி இயங்கும்படி அவ்விடத்தை மழித்து, இதயமும் நுரையீரலும் குளிராதிருக்க மார்பு உரோமத்தை விட்டு, மூட்டுகளைக் காப்பதற்குக் குஞ்சங்களை வைத்தனர் என்பதே மரபாகச் சொல்லப்படும் விளக்கம். இதற்குச் 'சிங்க வெட்டு' என்று பெயர். போர்த்துக்கல் நாட்டு மீனவரோடு படகிற் சென்று உழைத்த நீர்நாய்க்கும் இதே வெட்டு உண்டு. 2009ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த பராக் ஒபாமாவின் குடும்பத்தார் வெள்ளை மாளிகையில் வளர்த்த 'போ' என்ற நாய் இந்தச் சாதியினது.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் அரசர் பக்கம் நின்று போரிட்ட இளவரசர் ரூப்பேர்ட்டின் வெண்ணிற நாயை, 1644இல் மார்ஸ்டன் மூர் போர்க்களத்தில் எதிரிகள் கொன்றனர். அதனை ஏவற்பேய் என்று ஏசியும் போற்றியும் வெளிவந்த துண்டுப் பிரசுரங்களின் படங்களிலே சிங்க வெட்டுத் தெளிவாகத் தெரிகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரத்தில், சேன் நதியின் கரைகளிலும் பாலங்களிலும், நாய்களுக்கு மயிர் கத்தரிப்பதையே பிழைப்பாகக் கொண்டோர் இருந்தனர். தேவையிற் பிறந்தது நாகரிகமாக மாறிவிட்டது. இன்று அமெரிக்க நாய்க் கண்காட்சிகளில் ஒரு வயது கடந்த பூடில் போட்டியிட வேண்டுமாயின் பெரும்பாலும் 'கொன்டினென்டல்' அல்லது 'இங்கிலீஷ் சடில்' என்னும் வெட்டோடு நிற்றல் வேண்டும். இரண்டும் சிங்க வெட்டின் வழிவந்தவை. கண்காட்சிக்கு நாய் வளர்ப்போர்க்கு இப்பேச்சு வேண்டுவதில்லை. அவர்களுடைய விதிகள் அவர்களுக்குத் தெரியும். நாம் கருதுவது வீட்டு நாயை.

வீட்டு நாயைப் பொறுத்தவரை முதலில் விளங்கவேண்டியது உரோமத்தின் இயல்பு. சாதாரண நாயின் உரோமம் ஓரளவு வளர்ந்ததும் நின்று, உதிர்ந்து, புதிதாக முளைக்கும். பூடிலின் உரோமமோ நம் தலைமயிரைப்போல நெடுங்காலம் வளர்ந்துகொண்டே போகும். நாயின் உரோம வகைகளிற் பெரும்பாலானவை மூன்றே மரபணுக்களின் சேர்க்கையால் உண்டாகின்றன என்று 2009ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. ஒன்று நீளத்தையும், ஒன்று சுருளையும், மற்றொன்று மீசை, புருவம் போன்ற முகமயிரையும் ஆளுகின்றது. பூடிலிடத்தில் மூன்றும் கூடியிருக்கின்றன. 'இந்த நாய் மயிர் உதிர்க்காது' என்று விற்போர் சொல்வதிற் பாதி உண்மையுண்டு. சிறிதளவு உதிரத்தான் செய்யும்; ஆனால் உதிர்ந்த மயிர் நிலத்தில் விழாமற் பக்கத்துச் சுருளிலே மாட்டிக்கொள்ளும். வீட்டைக் கூட்டுபவருக்கு மிச்சமாகும் வேலை சீப்புப் பிடிப்பவருக்கு வந்து சேரும்.

மாட்டிக்கொண்ட மயிரை எடுக்காமல் விட்டால் என்ன நிகழும்? முதலிற் சிறு சிக்கு. உராய்வும் ஈரமும் சேரச் சேர அச்சிக்கு இறுகிச் சடையாகும். காதின் பின்புறம், கக்கம், தொடையிடுக்கு, கழுத்துப்பட்டியின் அடி, விரல்களின் இடை ஆகிய உராயும் இடங்களிலே அது தொடங்கும். பின்னர் ஒரு சடை அடுத்த சடையோடு கூடி, உடலைச் சுற்றி நெருக்கமான கம்பளிப் போர்வை போலாகிவிடும். நாய் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் அப்போர்வை தோலைப் பிடித்திழுக்கும். அதன் கீழ் காற்றுப் புகாது, ஈரம் காயாது, தோல் சிவந்து புண்ணாகும், உண்ணியும் தெள்ளும் கண்ணிற் படாமற் குடியிருக்கும். இத்தனையும் நடக்கும்போது மேலே பார்த்தால் நாய் பஞ்சுப் பொம்மைபோல அழகாகவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. மேற்பரப்பை மாத்திரம் நாள்தோறும் வாரிவிட்டு, அடியிலே சடை கட்டியதை அறியாதிருக்கும் வீடுகள் எத்தனையோ.

ஆகவே, எந்த வெட்டு அழகானது என்பதை இரண்டாவதாகவே கேட்கவேண்டும். இந்த வீட்டில் யார், வாரத்தில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் சீப்புப் பிடிக்கப் போகிறார் என்பதே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு நேர்மையான விடை கிடைத்துவிட்டால் உரோமத்தின் நீளம் தானாகவே தீர்ந்துவிடும். இரண்டங்குலமும் அதற்கு மேலும் உரோமம் வைப்பவர் நாள்தோறும் தோலடி வரை சீவவேண்டும். ஓரங்குல அளவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுதல் வேண்டும். அரையங்குலமும் அதற்குக் குறைவும் ஆயின் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ போதும். வாரம் முழுதும் விட்டுவிட்டு ஞாயிறன்று மொத்தமாகச் செய்துவிடலாம் என எண்ணுவோரும் உளர். வீட்டுவேலையை அவ்வாறு சேர்த்துவைக்கும் மாணவர்களை நாம் அறிவோம்; ஞாயிறு மாலையில் அவர்கள் படும் பாட்டையும் அறிவோம்.

வெட்டுகளிற் பெயர் பெற்றவை சில. உடல் முழுவதும் ஒரே அளவிற் குறுக வெட்டி, முகத்தையும் பாதங்களையும் மழித்து, வாலிற் குஞ்சம் விடுவது ஒருவகை. உடலைக் குறுக்கிக் கால்களிற் சிறிது நீளம் விடுவது 'ஆட்டுக்குட்டி வெட்டு'. முகத்தை மழிக்காமல் உருண்டையாகக் கத்தரிப்பது 'கரடிப்பொம்மை வெட்டு'. இக்காலத்தில் எல்லோரும் விரும்பிக் கேட்பது இதுவே. பார்வைக்கு மிக இனியதுதான். ஆனால் உண்ணும் உணவும் குடிக்கும் நீரும் முகமயிரிலே தங்கும். கண்ணோரத்து மயிர் விழியை உறுத்தும். நாள்தோறும் முகத்தைத் துடைத்துச் சீவ ஒருவர் இல்லாத வீட்டுக்கு மழித்த முகமே மேல் என்பது என் அபிப்பிராயம். முதலிற் பார்க்கும்போது மூஞ்சி எலிபோலக் கூராகத் தோன்றலாம். ஒரு வாரத்திற் கண் பழகிவிடும்.

மயிர் திருத்துவோரிடம் பேசும்போது 'கொஞ்சம் குறைத்துவிடுங்கள்' என்று சொல்வதாற் பயனில்லை. அளவைச் சொல்லுதல் வேண்டும். அவர்கள் கையாளும் மின்சார மெஷினின் அலகுகளுக்கு இலக்கங்கள் உண்டு. இலக்கம் ஏற ஏற எஞ்சும் மயிர் குறையும் என்பதைப் புதியவர்கள் தலைகீழாக விளங்கிக்கொள்வதுண்டு. பத்தாம் இலக்க அலகு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் மயிரையே விடும்; ஏழு மூன்று மில்லிமீற்றரையும், ஐந்து ஆறு மில்லிமீற்றரையும், நான்கு ஒன்பது மில்லிமீற்றரையும் விடும். நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கொருமுறை வெட்டுவது வழக்கம். மிகக் குறுக வெட்டிய நாய்க்குச் சற்று நாள் நீடிக்கலாம்.

நம் நாட்டின் வெப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய் நம்மைப்போல உடல் முழுவதும் வியர்த்து வெப்பத்தைத் தணிப்பதில்லை. நாவை நீட்டி மூச்சிரைத்தே பெரும்பாலும் தணிக்கின்றது. தோல் தெரிய மழித்துவிட்டாற் குளிர்ச்சியாயிருக்கும் என்று நம்பி மழிப்போர், வெயில் நேரே தோலைச் சுட இடங்கொடுக்கின்றனர். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாழும் பூடிலுக்குக் கால் அங்குலத்திலிருந்து அரையங்குலம் வரை விடுவது பொருத்தம். நுவரெலியாவிலே சற்றுக் கூட விடலாம். குறுகிய உரோமத்துக்கு இன்னொரு நன்மை, உண்ணி ஏறினால் கைக்கு உடனே தட்டுப்படும்.

இனிப் பேணும் முறை. வளைந்த மெல்லிய கம்பிகள் செறிந்த பிரஷ் ஒன்றும், நெருக்கப் பல்லும் அகலப் பல்லுமுள்ள உலோகச் சீப்பொன்றும் போதும். நாயைப் பக்கவாட்டிற் கிடத்தி, ஒரு கையால் உரோமத்தை மேலே ஒதுக்கித் தோல் ஒரு கோடாகத் தெரியும்படி செய்து, அக்கோட்டிலிருந்து சிறிது சிறிதாகக் கீழ்நோக்கிப் பிரஷ் பிடிக்கவேண்டும். ஒரு வரிசை முடிந்த பின் அதற்கு மேலே அடுத்த வரிசை. பின்னர் சீப்பை அடியிலிருந்து நுனிவரை ஓட்டிப் பார்த்தால், தடையின்றி ஓடிய இடம் தேறிய இடம். சீப்புத் தடைப்பட்ட இடத்தில் விரலாற் சிக்கைப் பிரித்து, நுனியிலிருந்து அடிநோக்கி மெல்ல அவிழ்க்கவேண்டும்.

குளிப்பாட்டுவது சீவிய பின்னரே. சிக்கோடு நனைந்த மயிர் காயும்போது இறுகி அவிழ்க்க முடியாததாகிவிடும். கடலிலோ குளத்திலோ இறங்கிய நாய்க்கும், மழையில் நனைந்த நாய்க்கும் இதே நிலை. மனிதருக்குரிய சவர்க்காரத்தை நாய்க்கு இடலாகாது. அதன் தோலின் தன்மை வேறு. துவாயால் தேய்த்தாற் புதிய சிக்கு உண்டாகும் ஆதலின் ஒற்றி எடுத்தல் வேண்டும். மழைக்காலத்திலே சுருளின் அடி தானாகக் காய்வது அரிது. மிதமான சூட்டில் உலர்த்தும் கருவியைப் பிடித்துக்கொண்டே சீவி, தோல் வரை காயவைப்பது நன்று. தொங்கும் காதின் உட்புறத்தை வாரந்தோறும் பார்த்து, நாற்றமோ சிவப்போ இருப்பின் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். காதினுள் வளரும் மயிரை எப்போதும் பிடுங்கும் பழைய வழக்கத்தை இன்று பலர் கைவிட்டுவிட்டனர்.

பூடிலோடு வேறு சாதியைக் கலந்து பிறப்பித்த நாய்களுக்கு இக்காலத்தில் மதிப்பு மிகுதி. 1989இல் அவுஸ்திரேலியாவிலே, பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிறுவனத்திற் பணியாற்றிய வாலி கொன்ரன் என்பவர், நாய் மயிரை ஒவ்வாத கணவரையுடைய பார்வையற்ற பெண்மணி ஒருவருக்காக லப்ரடோரையும் பூடிலையும் சேர்த்தார். முதல் ஈற்றிற் பிறந்த குட்டிகள் மூன்று. அவற்றுள் ஒன்றே அக்கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே தாயின் குட்டிகளுக்குள்ளும் உரோமம் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு இது சான்று. இக்கலப்பு ஒரு மோகமாகப் பரவியதைக் கண்டு கொன்ரன் பிற்காலத்தில் வருந்திப் பேசினார். உதிரும் உரோமமும் சுருண்ட உரோமமும் ஓருடலிற் கூடும்போது சிக்கு இரட்டிப்பாகும். பூடிலைவிட இக்கலப்பு நாய்க்கே சீப்பு அதிகம் வேண்டும் என்பதை விற்பவர் சொல்வது அபூர்வம்.

எல்லாவற்றையும் மீறிச் சடை கட்டிவிட்டதாயின், வீட்டுக் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். சடை தோலைத் தன்னோடு இழுத்து வைத்திருக்கும். மயிர் என்று வெட்டிய இடத்தில் தோல் கிழிந்துவிடும். மெஷினால் சடையின் அடியிலே மழித்தெடுப்பது ஒன்றே வழி. மழித்த கோலத்தைக் கண்டு மயிர் திருத்துபவரிடம் சினப்பவர்கள் உண்டு. மணிக்கணக்காக இழுத்து அவிழ்த்து நீளத்தைக் காப்பாற்றும்படி அவரைக் கேட்பது நாயை வதைக்கும்படி கேட்பதாகும். உரோமம் சில மாதங்களில் வளர்ந்துவிடும். அந்த வேதனையின் பின் சீப்பைக் கண்டாலே கட்டிலின் கீழ் ஒளியும் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறாது.

அப்பழக்கம் உண்டாகாதிருக்கக் குட்டிப் பருவத்திலேயே தொடங்கவேண்டும். குட்டி உரோமம் மாறி முதிர்ந்த உரோமம் முளைக்கும் காலம் ஒரு வயதை அண்டி வரும். அப்போது சிக்கு முன்னெப்போதும் இல்லாதவாறு பெருகும். அதற்கு முன்பே சீப்பும் மெஷினின் ஓசையும் பாதத்தைத் தொடுதலும் குட்டிக்குப் பழகியிருத்தல் நன்று. முதல் நாட்களில் இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். முடிவில் விருப்பமான தீனி சிறிது கொடுக்கலாம். குட்டி களைத்துவிட்டால், ஒரு காலைச் சீவியதோடு நிறுத்தி, மற்றக் காலை மறுநாளைக்கு விட்டுவிடலாம்.